தர்மபுரி மாதிரி ஊர்க் கல்லூரிக்கு பி.எஸ்சி. கணினி அறிவியல் பாடத்திட்டம்: எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்?

கணினித்துறை_தர்மபுரி

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரியில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வரும் கல்வியாண்டுக்கு பி.எஸ்சி. பாடத்திட்டத்தைப் புதுப்பிக்க வேண்டும். பாடத்திட்டக் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸின் கூட்டத்துக்கு வரைவு எழுதும் பொறுப்பு என்னுடையது.

துறைக்குள் இரண்டு பக்கம். சென்னை, கோவைக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், பிளாக்செயின், கிளவுட் என்று தாள்களுக்குப் பெயர் இருந்தால்தான் அட்மிஷன் நிரம்பும் என்கிறார்கள் ஒரு பக்கத்தார். மற்றவர்கள், நம் பிள்ளைகளுக்கு இப்போது இருப்பதே அதிகம், கை வைக்க வேண்டாம் என்கிறார்கள். இப்போது இருப்பது பழைய டாஸ் மென்பொருளை ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள் ஓடும் டர்போ சி, ஒரு விசுவல் பேசிக் தாள், நெட்வொர்க் கேபிளைத் தொடாமலே முடிந்துபோகும் ஒரு நெட்வொர்க் தாள்.

பிள்ளைகள் பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காரிமங்கலம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். பெரும்பாலும் வீட்டில் முதல் பட்டதாரி. பிளஸ் டூ வரை தமிழ் வழி. கணினி அறிவியல் குரூப் எடுத்தவர்கள் 12-ஆம் வகுப்பிலேயே தமிழில் பைத்தான் படித்திருக்கிறார்கள். மற்றவர்கள் விசைப்பலகையில் கை வைத்ததே இங்கேதான். லேப்டாப் சிலரிடம் மட்டும். போன் எல்லோரிடமும் உண்டு. எங்கள் லேபில் 4 ஜிபி நினைவகம் உள்ள கணினிகள், சில நிமிடம் தாங்கும் யுபிஎஸ், அலுவலகத்தோடு பங்கு போட்டுக்கொள்ளும் ஒரு இணைய இணைப்பு.

பெரிய ஊர்ப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தால் இந்த லேபில் பாதி ஓடாது. ஓடாததை ரெக்கார்டு நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து பிராக்டிகல் தேர்வில் ஒப்பிப்பார்கள். இப்போதே அதுதான் நடக்கிறது. எனக்குக் கேள்வி இரண்டு. இப்படிப்பட்ட இடத்துக்குப் பொருந்தும் பாடத்திட்டத்தை எங்கிருந்து யோசிக்கத் தொடங்குவது? ஊருக்கு ஏற்ப மாற்றினால் தரம் இறங்கிவிடும் என்று கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் சொல்வார், அவருக்கு என்ன பதில் சொல்வது?

மெஸ்கெரம்

மேடம், இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கூட்டத்தில் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதில் அதற்கு இருக்கிறது.

உலகத் தரம் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஏ.சி.எம்., ஐ.இ.இ.இ. என்ற சர்வதேசக் கணினி அமைப்புகள் சேர்ந்து வெளியிடும் பாடத்திட்ட வழிகாட்டியைத்தான். 2023 பதிப்பு என்று புதியது வந்துவிட்டது. ஆனால் கணக்குப் போட்டுக் காட்ட 2013 பதிப்பு எளிது. அதில் கட்டாயப் பகுதி இரண்டு அடுக்கு. முதல் அடுக்கு 165 மணி நேரம். அதை முழுவதும் நடத்தியாக வேண்டும். இரண்டாம் அடுக்கு 143 மணி நேரம். அதில் 80 சதவீதமாவது நடத்த வேண்டும். இரண்டும் சேர்த்து 308. உங்கள் செமஸ்டர் 90 வேலை நாள், அதாவது 15 வாரம். வாரம் 5 மணி நேரத் தாள் ஒன்று 75 மணி நேரம் ஆகிறது. 308 மணி நேரம் என்பது நாலு தாளுக்குச் சற்று மேல். அது விரிவுரை நேரம் மட்டும்தான், லேபும் வீட்டில் செய்யும் பயிற்சியும் தனி. சரி, நம் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுப்போம். அப்போதும் எட்டு ஒன்பது தாளில் முடிந்துவிடுகிறது. முதன்மை, துணைப் பாடங்களுக்கான பகுதி மூன்றில் அதற்கு மேலும் இடம் இருக்கிறது. அந்த மிச்ச இடம் உங்கள் ஊருக்கு உரியது. அதை நிரப்பும் உரிமையும் உங்களுக்கே. அதனால் தரம் இறங்குகிறது என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொன்றும் சொல்லுங்கள். அந்த ஆவணம் தாள்களின் பட்டியலே இல்லை. 18 அறிவுப் பரப்புகளைச் சொல்லி, எப்படித் தாளாக்குவது என்பதை அந்தந்த நிறுவனத்திடம் விட்டுவிடுகிறது.

இப்போது முதல் கேள்வி. நான் எத்தியோப்பியாவில், அம்ஹாரா பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பல வருடம் இதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவன். நம்மூரில் எம்.சி.ஏ., எம்.எஸ்சி. முடித்த எத்தனையோ பேர் அந்தக் காலத்தில் அங்கே போனோம். அங்கே பல்கலைக்கழகங்கள் மளமளவென்று முளைத்துக்கொண்டிருந்தன. மாணவர்களில் 70 சதவீதம் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கு, 30 சதவீதம் மற்றவற்றுக்கு என்று அரசு விகிதம் வகுத்திருந்தது. கட்டடம் வந்தது, கணினி வந்தது, பாடத்திட்டமும் வந்தது. தாள்களின் பெயரைப் பார்த்தால் எந்த நாட்டுப் பல்கலைக்கழகம் என்று சொல்லவே முடியாது.

அங்கே ஒரு தேதிப் பயிற்சி கொடுத்தேன். பிறந்த தேதியை வாங்கி வயதைச் சொல்லும் சின்ன புரோகிராம், நாம் எல்லோரும் முதல் செமஸ்டரில் கொடுப்பதுதான். எத்தியோப்பிய நாட்காட்டிக்கு மாதம் 13. முதல் 12 மாதமும் 30 நாள். 13-ஆவது மாதமான பகுமே 5 நாள், சில வருடம் 6 நாள். வருடக் கணக்கு நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால். புத்தாண்டு செப்டம்பர் 11-இல் பிறக்கும், சில வருடம் 12-இல். மணியை எண்ணுவதும் சூரிய உதயத்திலிருந்துதான். நமக்குக் காலை 7 மணி என்றால் அவர்களுக்கு 1 மணி. புரோகிராமிங் மொழியோடு வரும் தேதி வகையில் பகுமே 5 என்று பிறந்த தேதி கொடுத்த பையனுக்கு இடமே இல்லை. பிழைச் செய்தி காட்டியது. அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு அந்த வகுப்பு முழுவதும் உட்கார்ந்து இரண்டு நாட்காட்டிகளுக்கும் இடையே மாற்றும் செயற்கூறை எழுதினார்கள். மீதி வகுத்தல், லீப் வருடம், எல்லை நிலைகளைச் சோதிப்பது, இரண்டு பக்கமும் மாற்றி அதே தேதி திரும்ப வருகிறதா என்று பார்ப்பது, எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. அந்த நாட்டில் சுகாதார நிலையத்துக்கோ வங்கிக்கோ யார் மென்பொருள் எழுதினாலும் முதல் நாளே அந்தச் செயற்கூறு தேவைப்படும். அதே வகுப்பில் பெயர், இனிஷியல், குடும்பப் பெயர் என்று ஒரு அட்டவணையும் போட்டோம். எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயருக்குப் பின் அப்பா பெயர், அதற்குப் பின் தாத்தா பெயர். நமக்கும் அப்படித்தான். ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, பாஸ்போர்ட் ஆபீஸிலும் விமான நிலையத்திலும் நம் ஆட்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா?

அங்கேதான் என் எண்ணம் உறுதிப்பட்டது. அடிப்படைப் பாடம் எங்கும் ஒன்றுதான், அதில் ஒரு மணி நேரம்கூடக் குறைக்கக் கூடாது. அல்காரிதம், டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் எல்லாம் முழுசாக இருக்கட்டும். கொடுக்கும் கணக்கும், தரவும், லேபின் நிலைமையும் அந்த ஊருடையதாக இருக்க வேண்டும்.

உங்கள் ஊரை எடுங்கள். தர்மபுரியில் அரசு பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. விவசாயி கொண்டுவரும் கூடு லாட் லாட்டாக ஏலம் போகிறது. விற்பவர், வாங்கும் நூற்பாளர், ரகம், எடை, கிலோ விலை, தேதி. டேட்டாபேஸ் தாளுக்கு இதைவிட நல்ல அட்டவணை புத்தகத்தில் கிடைக்காது. ஊழியர், துறை, சம்பளம் என்று நாற்பது வருடமாக நடத்துகிறோமே, அந்தக் கம்பெனியை உங்கள் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. கூடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருப்பாள். ஒரே லாட்டை இரண்டு பேர் பிரித்து வாங்கினால் எப்படிப் பதிவது என்று அவள் கேட்பாள். ஒரே தகவலைத் திரும்பத் திரும்பப் பதியாமல் அட்டவணையைப் பிரிக்கும் நார்மலைசேஷன் அந்தக் கேள்வியில்தான் பிறக்கிறது.

அடுத்தது தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான் என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. புள்ளியியல் தாளில் ஊர்வாரி நீர்ப் பரிசோதனை அளவுகளைக் கொடுங்கள். சில ஊருக்கு அளவே இருக்காது, சில ஊருக்கு அலகு மாறியிருக்கும், ஒரு கிணறு மட்டும் எகிறி நிற்கும். சராசரியை மட்டும் நம்பினால் பாதி ஊர் தப்பாகத் தெரியும். டேட்டா சயின்ஸ் தாள் வேண்டும் என்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள். டேட்டா சயின்ஸில் கடினமான பகுதி இதுதான், இதற்கு 4 ஜிபி நினைவகம் தாராளம்.

தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பைத்தானில் அப்படியே வரிசைப்படுத்தினால் அன்பு முன்னால் வரும், அப்பா பின்னால் வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ன-வின் எண் ப-வுக்கு முன்னால் இருக்கிறது, நம் நெடுங்கணக்கிலோ ன கடைசி எழுத்து. புள்ளியின் எண்ணும் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால், அகராதியில் ‘க’வுக்கு முன்னால் வர வேண்டிய ‘க்’ இங்கே ‘கௌ’வுக்கும் பின்னால் போய்விடும். கோயில் என்ற சொல்லுக்கு நீளம் கேட்டால் 6 என்று வரும், எழுத்து 3. அம்ஹாரிக்கில் இந்தச் சிக்கல் வராது, அங்கே ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுத்துவிட்டார்கள். ஆகவே அங்கிருந்து நான் கொண்டுவந்த பயிற்சி இங்கே செல்லுபடியாகவில்லை, புதிதாக எழுதினேன். வரிசைப்படுத்தும் அல்காரிதம் நடத்தும்போது ஒப்பிடும் செயற்கூறை மாணவரே எழுதுகிற பயிற்சி இது. வாக்காளர் பட்டியல், ரேஷன் பட்டியல் எல்லாவற்றிலும் இந்த வேலை இருக்கிறது.

மின்வெட்டையும் பாடமாக்குங்கள். எத்தியோப்பியாவில் லேப் நடக்கும்போதே மின்சாரம் போகும். நம்மூரில் 2012-இல் சென்னைக்கு வெளியே பட்ட அவதி மறந்திருக்காது. இப்போது நிலைமை பரவாயில்லை என்றாலும் உங்கள் யுபிஎஸ் சில நிமிடம்தான் என்கிறீர்கள். பணப் பரிமாற்றம் ஒன்றைப் பாதியில் நிறுத்திவைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திரும்ப இயக்கி எஸ்.க்யூ.லைட் என்ற சின்ன டேட்டாபேஸ் மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் கணக்கில் கழித்து மற்றவர் கணக்கில் சேர்க்காமல் நின்றுபோனதை அது தானாகவே பின்னுக்கு இழுத்துவிடும். டிரான்சாக்‌ஷன் என்றால் என்ன, ஜர்னல் எதற்கு என்று கரும்பலகையில் ஒரு வாரம் நடத்தினாலும் இந்த அழுத்தம் வராது.

லேபுக்கு: டர்போ சி-யை இந்த வருடமே எடுத்துவிடுங்கள். 1987-இல் தொடங்கி 1990-களின் தொடக்கம் வரை வந்த, 16 பிட் உலகத்து மென்பொருள் அது. அதில் முழு எண்ணுக்கு 2 பைட், 32767-க்கு மேல் போனால் எதிர்மறையாகிவிடும். சி++ தரநிலை வந்ததே 1998-இல்தான், டர்போவில் எழுதிப் பழகிய தலைப்புக் கோப்புகள் இன்றைய கம்பைலரில் ஏறவே ஏறாது. லினக்ஸ் போட்டால் ஜி.சி.சி. கம்பைலர் இலவசம், 4 ஜிபியில் சிரமமில்லாமல் ஓடும். ஒரு கணினியை சர்வராக்கி, டெபியன் தொகுப்புகளின் நகல், பைத்தான் ஆவணங்கள், இணையமில்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் வழியாகத் தமிழ், ஆங்கில விக்கிப்பீடியா எல்லாவற்றையும் அதில் இறக்கிவையுங்கள். ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இணையம் மெதுவாக இருந்த காலத்தில் இப்படித்தான் வன்தட்டில் நூலகம் வைத்துச் சமாளித்தார்கள். அந்த சர்வரை அமைப்பதும் காப்பதும் மூன்றாம் ஆண்டு மாணவர்களின் நெட்வொர்க் பிராக்டிகலாகவே இருக்கட்டும். குறிமுறை மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) இணையம் இல்லாமலே வேலை செய்யும், கல்லூரிக்குள்ளேயே களஞ்சியம் வைத்துக்கொள்ளலாம். லேப்டாப் இல்லாதவர்களுக்கு போனில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டால் பைத்தானும் சி-யும் ஓடும்.

ஒரு எச்சரிக்கை. வீடியோப் பாடம் இருக்கிறதே, ஆசிரியர் எதற்கு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தியோப்பியாவில் 2004 வாக்கில் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் செயற்கைக்கோள் வழியாக ஆங்கிலத்தில் பாடம் ஒளிபரப்பி, வகுப்புக்கு ஒரு பிளாஸ்மா டிவி வைத்தார்கள். என்னிடம் வந்த பிள்ளைகள் அதில் படித்தவர்கள். ஒளிபரப்பை நிறுத்த முடியாது, திரும்பக் கேட்க முடியாது, உச்சரிப்பு புரியாது. டிவி ஓடி முடியும் வரை ஆசிரியரும் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் வகுப்பில் கேள்வி கேட்கும் பழக்கத்தையே இழந்து வந்திருந்தார்கள், அதை மீட்க எனக்கு முதல் வருடம் முழுவதும் ஆனது. ஐ.ஐ.டி.க்கள் தரும் என்.பி.டி.இ.எல். வீடியோப் பாடங்கள் மிக நல்லவை, நானும் பார்க்கச் சொல்வேன். ஆனால் பார்த்ததைப் பற்றி அடுத்த நாள் தமிழில் பேச ஒரு மணி நேரம் கால அட்டவணையில் இருந்தால்தான் அது பாடம் ஆகும்.

வவுனியாப்_பெடியன்

சேர் சொன்னதை முழுக்க ஆமோதிக்கிறன். நான் இலங்கை வடக்கில கணினி விரிவுரையாளர். எங்கட பிள்ளையளும் ஏ.எல். (உங்கட பிளஸ் டூ மாதிரி) வரைக்கும் தமிழிலதான் படிக்கினம், பல்கலைக்கழகத்துக்குள்ள வந்தவுடன எல்லாம் ஆங்கிலம். முதல் வருசம் அவையள் விளங்காமல் இருக்கிறது கணினியா, ஆங்கிலமா எண்டு பிரிச்சுப் பாக்கிறதே பெரிய வேலை. அதுக்கு நாங்கள் கண்டுபிடிச்ச வழி, முதல் பயிற்சிகளைப் பிள்ளையள் ஏற்கெனவே அறிஞ்ச பொருளில இருந்து எடுக்கிறது.

எங்களிட்ட நல்லா வேலை செய்யிறது தேசிய அடையாள அட்டை இலக்கம். பழைய இலக்கத்தில 9 இலக்கமும் ஒரு எழுத்தும், 2016-க்குப் பிறகு வந்ததில 12 இலக்கம். அதுக்குள்ளேயே பிறந்த வருசமும், வருசத்தில எத்தினையாம் நாள் எண்டதும் இருக்கு. பெண் எண்டால் அந்த நாளோட 500 கூட்டியிருக்கும். அதோட பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள் எண்டு வைச்சுத்தான் நாள் எண்ணியிருக்கு. இது தெரியாமல் எழுதினால் லீப் இல்லாத வருசத்தில மார்ச் 1-இலயும் அதுக்குப் பிறகும் பிறந்த ஆக்களுக்கு ஒரு நாள் பிழைக்கும். பிள்ளையள் தங்கட அட்டையை வைச்சே சோதிப்பினம். பிழை எங்க எண்டு தேடிப் பிடிக்கிற அந்த இரண்டு மணித்தியாலத்தில அவையள் கதைக்கிறதைக் கேக்க வேணும். ஒருத்தரும் அங்க மனப்பாடம் செய்யேலாது.

2022-இல நாட்டில 13 மணித்தியால மின்வெட்டு எண்டு அறிவிச்ச நாளும் இருந்தது, பெற்றோலும் இல்லை. விரிவுரைகள் இணையத்துக்குப் போனது. அந்த நேரம் ஒலிப்பதிவும் சின்ன பி.டி.எஃப். கோப்பும்தான் கிராமத்துப் பிள்ளையளுக்குப் போய்ச் சேர்ந்தது, காணொளி போகேல்லை. அக்கா, உங்கட வரைவில ‘குறைந்த அலைவரிசைக்கு ஏற்ற வடிவமைப்பு’ எண்டு ஒரு அலகு வையுங்கோ. படத்தைச் சுருக்கிறது, திரும்பத் திரும்ப இறக்காமல் சேமிச்சு வைக்கிறது, இணைப்பு அறுந்தால் பிறகு ஒத்திசைக்கிறது. எந்த நாட்டு நிறுவனத்திலயும் இது பெறுமதியான அறிவு.

சோழிங்கநல்லூர்_டெவலப்பர்

மேடம், நான் உங்கள் கல்லூரி மாதிரியே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. படித்துவிட்டு இப்போது சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். அப்பாவுக்கு ஆடு மேய்ப்பு. எனக்கு ஒரு பயம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டுக்கூடு, ஃபுளோரைடு எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இன்டர்வியூவில் அதைக் கேட்க மாட்டார்கள். என்னிடம் கேட்டது: இரண்டு அட்டவணையை இணைத்து ஒவ்வொரு குழுவிலும் இரண்டாவது பெரிய மதிப்பை எடு, இந்த லூப் எத்தனை முறை ஓடும், இந்தக் குறிமுறையில் பிழை எங்கே. பெரிய ஊர்ப் பிள்ளைகள் முதல் வருடத்திலிருந்தே இதைப் பழகிவிட்டு வருகிறார்கள். என்னுடன் படித்தவர்களில் நிறையப் பேர் முதல் சுற்றிலேயே திரும்பி வந்தார்கள். வீட்டில் கடன் வாங்கிப் படிக்கவைத்திருக்கிறார்கள் சார், ஊருக்கு ஏற்ற படிப்பு என்று சொல்லி ஊரோடேயே நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. எங்கள் கடைசி வருட புராஜெக்ட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்து புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கினவர்கள்தான் வகுப்பில் அதிகம். நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை, பேங்க் மேலாண்மை. ரிப்போர்ட்டோடு பைண்ட் செய்தே கொடுப்பார்கள். வைவாவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்கும். இன்டர்வியூவில் ‘உன் புராஜெக்ட்டில் எது கஷ்டமாக இருந்தது’ என்று கேட்டபோதுதான் அதன் விலை தெரிந்தது. பாடத்திட்டத்தில் வேறு எதை மாற்றாவிட்டாலும் இதை மாற்றுங்கள்.

மெஸ்கெரம்

அம்மா, உன் பயம் நியாயமானது. அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

உன்னிடம் கேட்ட மூன்று கேள்வியும் அடிப்படைப் பாடத்திலிருந்து வந்தவை. அதைத்தான் ஒரு மணி நேரம்கூடக் குறைக்கக் கூடாது என்றேன். ஒவ்வொரு குழுவிலும் இரண்டாவது பெரிய மதிப்பு என்பதை, ஒவ்வொரு ரகத்திலும் அன்றைக்கு இரண்டாவது அதிக விலை போன லாட் எது என்று கேட்டால் வினவல் அதேதான். ஊர்த் தரவில் பத்து விதமாகக் கேட்டுப் பழகியவளுக்கு இன்டர்வியூவில் ஊழியர் அட்டவணை வந்தால் தடுமாற்றம் இருக்காது. ஆனால் பழக்கம் போதுமான அளவு வேண்டும் என்று நீ சொல்வது மிகச் சரி. அதற்கு நேரம் எங்கிருந்து வரும் என்பதைத்தான் பாடத்திட்டத்தில் பார்க்க வேண்டும். தாள்களின் எண்ணிக்கையைக் குறைத்தால்தான் வரும். பிளாக்செயினுக்கு 75 மணி நேரம் கொடுத்துவிட்டு, டேட்டா ஸ்ட்ரக்சர் லேபை வாரம் 2 மணி நேரத்தில் அடைத்தால் பிள்ளைகள் முதல் சுற்றில்தான் நிற்பார்கள்.

புராஜெக்ட் சென்டருக்கும் உள்ளூர்த் தரவுதான் மருந்து. காரிமங்கலம் பக்கத்து ஒரு பால் சொசைட்டியின் கொழுப்பு அளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கிய திடப்பொருள்), லிட்டர், பட்டுவாடா கணக்கை பஸ் ஸ்டாண்டு கடையில் பைண்ட் செய்து விற்க முடியாது. சொசைட்டிச் செயலாளர் ஒரு நாள் வைவாவுக்கு வந்து உட்கார்ந்தால் போதும், யார் செய்தது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தான்சானியாவில் இரிங்கா என்ற ஊரில், துமைனி பல்கலைக்கழகத்தின் கல்லூரியில் 2007-இல் ஒரு ஐ.டி. பட்டப்படிப்பு தொடங்கினார்கள். பின்லாந்திலிருந்து வந்த மட்டி டெட்ரேயும் உள்ளூர் ஆசிரியர்களும் சேர்ந்து வடிவமைத்தது. வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை நகலெடுக்காமல், இங்கே படித்து முடிப்பவர் எங்கே போய் என்ன வேலை செய்வார் என்பதிலிருந்து தொடங்கினார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மருத்துவமனையிலோ மாவட்ட அலுவலகத்திலோ கணினி படித்தவர் ஒருவர்தான் இருப்பார். கேபிள் போடுவதும், கெட்டுப்போன கணினியைத் திறப்பதும், எதை வாங்கலாம் என்று சொல்வதும், மற்றவர்களுக்குப் பழக்கிவிடுவதும் அவர்தான். அதே நேரத்தில் வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போனாலும் ஏற்கும்படி பட்டம் இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்து நடக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். தர்மபுரிப் பிள்ளைகளில் ஒரு பங்கு சோழிங்கநல்லூர் போவார்கள், ஒரு பங்கு ஓசூர் ஆலைகளுக்கு, ஒரு பங்கு ஊரிலேயே கூட்டுறவு வங்கியிலோ பள்ளியிலோ இருப்பார்கள். மூன்று பேருக்கும் அடிப்படை ஒன்று.

கணினித்துறை_தர்மபுரி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வரைவில் பிளாக்செயினை எடுத்துவிட்டேன், விசுவல் பேசிக்கையும் எடுத்துவிட்டேன். மெஷின் லேர்னிங் ஒரே தாளாக, புள்ளியியலும் லீனியர் அல்ஜீப்ராவும் முடிந்தபின் ஐந்தாம் செமஸ்டரில். அந்த 308 மணி நேரக் கணக்கை ஒரு பக்கமாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் இடிக்கிறது சார். எக்ஸ்டர்னல் 75 மதிப்பெண், மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு. கேள்வித்தாள் ‘விளக்குக’, ‘வேறுபடுத்துக’ என்றே வரும். பாடம் எவ்வளவு மாற்றினாலும் தேர்வு இப்படி இருந்தால் பிள்ளைகள் கைடு வாங்கித்தானே படிப்பார்கள்?

மெஸ்கெரம்

உண்மை மேடம், பாடத்திட்டத்தின் உண்மையான முகம் கேள்வித்தாள்தான். நீங்கள் தன்னாட்சிக் கல்லூரி என்பதால் இதில் உங்களுக்குக் கை இருக்கிறது. எழுத்துத் தேர்வை ஒரேயடியாக மாற்ற முடியாது, முயன்றால் கூட்டத்தில் மொத்த வரைவும் நின்றுவிடும். மூன்று இடத்தில் மட்டும் கை வையுங்கள்.

பாடத்திட்டத்தோடு மாதிரிக் கேள்வித்தாளையும் சேர்த்தே ஒப்புதல் வாங்குங்கள். பகுதி ‘இ’-யில் குறைந்தது இரண்டு கேள்வி, முன்பின் பார்க்காத குறிமுறை ஒன்றைக் கொடுத்து வெளியீடு என்ன, பிழை எங்கே, எப்படித் திருத்துவது என்று கேட்பதாக இருக்கட்டும். வெளியூரிலிருந்து கேள்வித்தாள் அமைப்பவருக்கு அந்த மாதிரி போய்ச் சேர்ந்தால் அவரும் அதே அச்சில்தான் அமைப்பார்.

பிராக்டிகல் தேர்வில் ரெக்கார்டு நோட்டில் இருக்கும் புரோகிராமை எழுதச் சொல்லாதீர்கள். ஓடும் புரோகிராமைக் கணினியில் வைத்துக் கொடுத்து, ‘இதில் இந்த வசதியைச் சேர்’ என்று கேளுங்கள். பட்டுக்கூடு அட்டவணையில் கமிஷன் கழிக்க வேண்டும், பெயர்ப் பட்டியலில் இனிஷியலைப் பின்னால் கொண்டுபோக வேண்டும், இப்படி. இணையத்தை நிறுத்திவிட்டு, உங்கள் உள் சர்வரில் இருக்கும் ஆவணங்களைத் திறந்து பார்க்க அனுமதியுங்கள். மனப்பாடம் செய்தவருக்கு அதில் ஒரு லாபமும் இல்லை, படிக்கத் தெரிந்தவருக்கு உண்டு. நான் அங்கே இதைத் தொடங்கியபோது முதலில் மாணவர்களே எதிர்த்தார்கள். இரண்டாவது செமஸ்டரில் லேப் மூடும் நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக, போர்டில் தொழில்துறை உறுப்பினர் ஒருவரும் முன்னாள் மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது யுஜிசி விதி. தொழில்துறை இடத்துக்குப் பெரிய கம்பெனியின் மனிதவள அதிகாரியைக் கூப்பிடாமல், ஓசூரிலோ சேலத்திலோ தினமும் குறிமுறை எழுதும், புதுப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்துப் பழக்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள். முன்னாள் மாணவர் முதுகலை முடித்தவராக இருக்க வேண்டும், முதல்வர் நியமிப்பார். மேலே எழுதிய சோழிங்கநல்லூர்ப் பெண் மாதிரி ஒருவர் உங்கள் கல்லூரியிலிருந்தும் போயிருப்பார், தேடுங்கள். புராஜெக்ட் சென்டர் பற்றி அவர் ஒருமுறை அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசினால், நான் இங்கே எழுதியதைவிட வேகமாக வரைவு நிறைவேறும்.

அந்த மாதிரிக் கேள்வித்தாளை எழுதிமுடித்ததும் இங்கே போடுங்கள். தமிழ் வரிசைப் பயிற்சிக்கு நான் வைத்திருக்கும் சோதனைப் பெயர்ப் பட்டியலையும், விடையோடு, இந்த வாரம் சுத்தம் செய்து தருகிறேன்.